மலைநாட்டு மூட்டைப்பூச்சியின் வாழ்வும் வளர்ச்சியும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எழுதியபோது, தமிழாசிரியராகிய நாம் கம்பரையோ சேக்கிழாரையோ பற்றி எழுதுவோமென அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அப்பெரியோரைப் பற்றி எழுத வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மூட்டைப்பூச்சி. நகைப்போர் நகைக்க. ஆயினும், விடுதியிலே எம்மோடு ஒரே கூடத்திற் படுத்துறங்கிய நண்பர்கள் இப்பெயரைக் கண்ட மாத்திரத்தே முதுகைச் சொறிந்துகொள்வர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இப்பொருளை நாம் தேடிச் சென்றோமல்லோம். அதுவே எம்மைத் தேடி வந்தது. மஸ்கெலியாப் பகுதியில் தோட்டத்துப் பாடசாலை ஒன்றில் நாம் கற்பித்து வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பிற் கெட்டிக்காரனென்று பெயரெடுத்த மாணவன் ஒருவன், நாள்தோறும் முதற் பாடத்திலேயே தூங்கி விழலானான். அவன் கழுத்திலும் முழங்கையிலும் மூன்று நான்காக வரிசைப்பட்ட சிவந்த தடிப்புக்கள் இருந்தன. அவனோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இடம் மாறினர். நாமும் ஆராயாமல், “நாளைக்குக் குளித்துச் சுத்தமாய் வா” என்று வகுப்பறியச் சொல்லிவிட்டோம். அவன் அன்றும் குளித்துத்தான் வந்திருந்தான். அதற்கு முந்திய நாளும் குளித்துத்தான் வந்திருந்தான். ஒன்றும் மறுத்துரையாமல் நின்றான். மறுநாள் தொடங்கி ஒரு வாரம் அவன் பாடசாலைக்கு வரவில்லை.

அந்த வாரத்திலேயே எமது அறையில், நள்ளிரவுக்குப் பின் விழிப்பு வந்து விளக்கேற்றிய வேளை, தலையணை ஓரமாகச் செம்பழுப்பு நிறப் பூச்சியொன்று விரைந்து சென்று மெத்தையின் தையலுள் மறைந்தது. விடுமுறை முடிந்து திரும்பும்போது பஸ்ஸிலே எம் பயணப்பையில் ஏறிக்கொண்டதோ, தங்கிய இடத்திலிருந்தே உடன் வந்ததோ, அறியோம். மஸ்கெலியாக் குளிரிலும் ஒருநாள் தவறாமற் குளிப்பவர் என்று பெயர் பெற்ற தமிழாசிரியரின் வெள்ளை விரிப்புக்கும் அது வந்து சேர்ந்தது. அன்றுதொட்டே இப்பூச்சியைப் பற்றிக் கற்கத் தொடங்கினோம். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் நாம் பெற்ற பயிற்சியில் விலங்கியலுக்குப் பெரிதும் இடமிருக்கவில்லை. ஆதலின் மேல்வகுப்பு விஞ்ஞான ஆசிரியரின் நூல்களை இரவல் வாங்கியே படித்தோம்.

முதலிற் பெயர். மூட்டைப்பூச்சி என வழங்குவதை மூட்டுப்பூச்சி என்றும் முன்னோர் வழங்கினர். கட்டிலின் மூட்டு, பாயின் மூட்டு, துணியின் மூட்டு என மூட்டுக்கள்தோறும் குடியிருப்பது பற்றியே அப்பெயர் வந்ததெனக் கொள்ள எமக்குத் தோன்றுகின்றது. மூட்டைமுடிச்சோடு ஊர்விட்டு ஊர் செல்வதால் ‘மூட்டை’ என்ற வழக்கும் பொருந்தாமற் போகவில்லை. திருமால் பாற்கடலிலும், சிவபெருமான் இமயத்திலும், இலக்குமி தாமரையிலும் பள்ளிகொள்வது மூட்டைப்பூச்சிக்கு அஞ்சியே என்று வடமொழிப் புலவரொருவர் வேடிக்கை செய்தார். இமயத்துக் குளிர் இதற்கு ஆகாது என்று அவர் கருதினார் போலும். அக்கருத்து எவ்வளவு பிழையுடையது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மனிதரை நாடி வாழும் மூட்டைப்பூச்சிகளிற் பெரிதும் பரவியவை இரண்டு இனங்கள். குளிர்நாடுகளில் மிகுந்திருப்பது ஒன்று; அதற்கு 1758 ஆம் ஆண்டில் லின்னேயசு பெயரிட்டார். எம்மைப் போன்ற வெப்பவலய நாடுகளில் வாழ்வது மற்றையது. அதற்கு 1803 ஆம் ஆண்டில் பபிரீசியசு பெயரிட்டார். இவற்றின் உறவினங்கள் நூறளவில் உள. அவற்றுட் பல வௌவாலையும் பறவைகளையும் அண்டி வாழ்வன. இக்குடும்பம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையதென 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டிற்று. அஃதாவது, வௌவாலுக்கும் முந்தியது. மனிதனுக்கோ மிக மிக முந்தியது. நமது கட்டிலுக்கு இது நேற்று வந்த விருந்து.

இனி, வளர்ச்சி. நாம் பிடித்த பூச்சிகளுள் இரத்தம் குடித்துப் பருத்திருந்த இரண்டினை, மடித்த காகிதத் துண்டு ஒன்றுடன் வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் இட்டு, மேலே மெல்லிய துணியைக் கட்டி வைத்தோம். மூன்றாம் நாள் காகித மடிப்பினுள் வெண்ணிறப் பொட்டுக்கள் சில ஒட்டியிருந்தன. அவையே முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் அளவு நீளமுடையது; சற்றே வளைந்தது; ஒரு நுனியில் மூடி உண்டு. பசை போன்ற பொருளால் ஒட்டப்படுவதால் உதறினால் விழாது. மெத்தையை உதறி வெயிலிற் போடுவோர் ஏமாறுவது இங்கேதான். நன்கு இரத்தம் கிடைக்கும் பெண்பூச்சி நாளொன்றுக்கு இரண்டு மூன்றாக, வாழ்நாளில் இருநூறு வரையிலும் அதற்கு மேலும் முட்டையிடும். ஆண்பூச்சி பெண்ணின் வயிற்றுத் தோலை ஊசி போன்ற உறுப்பாற் குத்திக் கருவூட்டுவதும், அக்காயத்தைத் தாங்குதற்கெனப் பெண்ணின் உடலில் தனி உறுப்பொன்று அமைந்திருப்பதும் விலங்கியலார் இன்றும் வியந்து ஆராயும் செய்திகள்.

முட்டையிலிருந்து வெளிவருவது புழுவன்று. வண்ணத்துப்பூச்சிக்குப் போலக் குடம்பியும் கூட்டுப்புழுவும் இதற்கு இல்லை. தாயின் வடிவிலேயே, ஒன்றரை மில்லிமீற்றர் அளவில், வைக்கோல் நிறத்தில், உள்ளே ஒளி புகுமாறு குஞ்சு வெளிவரும். இப்பருவத்துக்கு எம் நாட்டு விஞ்ஞான நூல்கள் ‘அணங்கு’ என்று பெயர் சூட்டியுள்ளன. முதிர்ந்ததை ‘நிறையுடலி’ என்பர். அணங்கு என்ற சொல்லைக் கண்டதும் தமிழாசிரியராகிய எமக்குத் திருக்குறளின் தகையணங்குறுத்தல் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வருத்துகின்ற தெய்வமகளுக்குரிய சொல்லை மூட்டைப்பூச்சியின் குஞ்சுக்கு இட்ட கலைச்சொற் குழுவினர், நகைச்சுவை உடையவராய் இருந்திருத்தல் வேண்டும். வருத்துதல் என்னும் பொருளிற் குறையொன்றும் இல்லை.

அணங்கு ஐந்து முறை சட்டை உரிக்கும். ஒவ்வொரு முறையும் உரிப்பதற்கு முன் ஒரு வயிறு இரத்தம் குடித்தாகவேண்டும். குடியாவிடின் வளர்ச்சி அப்பருவத்திலேயே நின்றுவிடும். இப்பூச்சியின் வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு இதுவே திறவுகோல் என்போம். மற்றை உயிர்கள் நாள்தோறும் உண்டு சிறிது சிறிதாக வளர்கின்றன. இதுவோ ஐந்து விருந்தில் வளர்ந்துவிடுகின்றது. இடையிலுள்ள நாளெல்லாம் இடுக்கினுள்ளே ஒடுங்கிச் செரித்துக்கொண்டிருக்கின்றது. ஐந்தாம் சட்டை கழன்றதும் ஐந்து அல்லது ஆறு மில்லிமீற்றர் நீளமுள்ள நிறையுடலி ஆகும். இறக்கைகளின் இடத்தில் இரண்டு சிறு தட்டுக்கள் மாத்திரம் இருக்கும். பறக்க மாட்டாது, தெள்ளுப் போலத் துள்ளவும் மாட்டாது. நடக்கும், ஒளிக்கும், காத்திருக்கும்.

உண்ணும் முறையும் நுட்பமானது. உறங்குவோரின் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் கொண்டு வழியறிந்து, பெரும்பாலும் விடியலுக்கு முந்திய வேளையிலே வெளிவரும். அதன் அலகினுள் இரு குழாய்கள் உள. ஒன்று இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் உமிழ்நீரைச் செலுத்தும்; மற்றொன்று இரத்தத்தை உறிஞ்சும். ஐந்து முதற் பத்து நிமிடத்தில், தன் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேலாகக் குடித்து முடிக்கும். இரத்தத்தில் இல்லாத உயிர்ச்சத்துக்களை அதன் உடலுள்ளேயே வாழும் நுண்ணுயிர் ஆக்கிக் கொடுப்பதாக யப்பானிய ஆய்வாளர் 2010 ஆம் ஆண்டில் நிறுவினர். கடியுண்டோர் எல்லோருக்கும் தடிப்பு உண்டாவதில்லை. ஒரே பாயிற் படுத்த நால்வரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்திருக்க, மற்றை மூவருக்கும் அடையாளமே இராது. எம் மாணவன் அத்தகைய ஒருவன். அவன் வீட்டில் மற்றவர்களும் கடியுண்டனர்; ஊர் அறிந்தது அவன் கழுத்தைத்தான்.

எமது போத்தலுக்கு மீள்வோம். வெப்பமான ஊர்களில் முட்டை ஆறு முதற் பத்து நாட்களிற் பொரிக்குமென நூல்கள் கூறின. பத்தாம் நாள் பார்த்தோம், பொரிக்கவில்லை. இறந்துவிட்டன போலும் என்றெண்ணி விட்டுவிட்டோம். மூன்றாம் வாரத்திற் பார்த்தபோது மூடிகள் திறந்திருந்தன. மயிரிழைபோல் ஏழெட்டுக் குஞ்சுகள் காகிதத்தின்மேல் ஊர்ந்தன. பிழை நூலிலன்று, மஸ்கெலியா ஏறத்தாழ 4000 அடி உயரத்தில் இருப்பதை நாம் மறந்திருந்தோம். இப்பூச்சிகளின் வளர்ச்சி வெப்பநிலைக்கு ஏற்ப விரையும், மந்தமாகும். குளிர்நாட்டு இனத்தை ஆராய்ந்தோர் கூறுவதன்படி, 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து நிறையுடலி ஆவதற்கு ஒரு மாதம் போதும். 18 பாகையில் நான்கு மாதம் செல்லும். 13 பாகையளவில் வளர்ச்சி நின்றே போகும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஓராண்டிற் பல தலைமுறை காணும் பூச்சி, இங்கே இரண்டு மூன்று தலைமுறையோடு அமையவேண்டியதே.

அவ்வாறாயின் மலைநாட்டார் கொடுத்துவைத்தவர் எனலாமோ? அன்று. வளர்ச்சியை மந்தமாக்கும் அதே குளிர், பட்டினி கிடக்கும் ஆற்றலை நீட்டிவிடுகின்றது. வெப்பமான அறையில் இரண்டு மூன்று மாதம் உணவின்றி மாளும் பூச்சி, குளிரிலே அரை ஆண்டும் அதற்கு மேலும் உயிரோடிருக்கும். எமது போத்தலில் உணவு பெறாத குஞ்சுகள் விரைவில் மாண்டன. முதிர்ந்தவற்றுள் ஒன்றோ, ஆனி மாதம் அடைக்கப்பட்டது, கார்த்திகை விளக்கீட்டன்றும் காகிதத்தைத் தட்டியபோது காலசைத்தது. தாளைப்போல் ஒட்டி உலர்ந்திருந்த அதனைக் கண்டு எமக்கு அருவருப்பினும் வியப்பே மிகுந்தது. ‘அறையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போனால் அவை பட்டினியால் ஒழிந்துவிடும்’ என்று தாழ்நிலத்தார் சொல்லும் உபாயம் மலையிலே பலியாது. தவணை விடுமுறை ஒரு மாதம். அதற்கோ ஆறு மாதம் விரதம்.

போத்தல் இன்னுமொன்றையும் காட்டிற்று. குளிர்நாட்டு இனம் வழுவழுப்பான கண்ணாடியில் ஏறமாட்டாது என்பர். எமது பூச்சிகள் ஏறி வாய்த்துணியில் வந்து நின்றன. வெப்பவலய இனத்தின் காலில் ஒட்டிப் பிடிக்கும் மயிரமைப்புச் சிறந்திருப்பதால் அது வழுக்குச் சுவரிலும் ஏறவல்லது என்பதை 2017 ஆம் ஆண்டின் ஆய்வொன்று விளக்குகின்றது. கட்டிற்காலை வெறும் தகரப்பேணியில் நிறுத்துவோர் இதனை மனங்கொள்க. பேணியில் நீரும் இருத்தல் வேண்டும். கட்டில் சுவரிலே முட்டிக்கொண்டிருந்தால் அதனாலும் பயனில்லை.

நோய் பரப்புமோ என்று பெற்றோர் அஞ்சுவர். இது தொடர்பாகச் சென்னையில் நிகழ்ந்ததொரு வரலாறு உண்டு. 1903 ஆம் ஆண்டில், கறுப்புக் காய்ச்சல் எனப்பட்ட காலா அசார் நோயின் கிருமியை, அங்கே சார்ள்ஸ் டொனவன் என்னும் மருத்துவர் நோயாளரின் உடலிற் கண்டறிந்தார். இலீசுமன் என்பாரும் அதே ஆண்டில் அதனைத் தனியே கண்டு எழுதினார். கிருமி கிடைத்தது, காவி எது? சென்னையில் ஆய்ந்த பற்றன் என்னும் மருத்துவ அலுவலர், நோயாளரின் இரத்தத்தைக் குடித்த மூட்டைப்பூச்சியின் குடலில் அக்கிருமி வளரக் கண்டு, 1907 ஆம் ஆண்டில் மூட்டைப்பூச்சியே குற்றவாளி என்றார். ஏழைகளின் குடிலில் நோயும் இருந்தது, பூச்சியும் இருந்தது. ஆகவே நம்புவதற்கு எளிதாயிற்று. 1942 ஆம் ஆண்டில் சுவாமிநாத், சோட், அன்டர்சன் ஆகிய மூவரும், தாமாக முன்வந்த மனிதர்மேல் மணல் ஈயைக் கடிக்கவிட்டு, நோய் காவுவது அதுவே என்று ஐயமற நிறுவினர். மூன்று தசாப்தங்களுக்கு மேலாக வேறொருவர் பழியைச் சுமந்தது மூட்டைப்பூச்சி. வேறு சில கிருமிகளை ஆய்வுகூடத்தில் அது காவக்கூடுமெனக் காட்டியிருப்பினும், இயற்கையில் மனிதருக்கு நோய் பரப்பியதாக இன்றுவரை நிறுவப்படவில்லை.

அதனால் தீங்கில்லை என்பதன்று எம் கருத்து. சொறிந்த புண் சீழ் கட்டும். உறக்கம் கெட்ட பிள்ளைக்குக் கணிதமும் ஏறாது, செய்யுளும் ஏறாது. பூச்சி மிகப் பெருகிய வீடுகளிற் குழந்தைகளின் இரும்புச்சத்துக் குறைவுக்கு இக்கடியும் ஒரு காரணமாகலாமென வெங்கடாசலம், பெலவாடி என்னும் இந்திய ஆய்வாளர் 1962 ஆம் ஆண்டிலேயே எழுதினர். ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிள்ளைகள் மிகுந்த தோட்டப்புறங்களில் இதனைச் சிறு செய்தியென ஒதுக்கல் ஆகாது.

மருந்தால் ஒழியாதோ எனின், ஒருகாலம் ஒழிந்தது போலவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.ரி. எங்கும் பரவியது, இலங்கையிலும் மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் அதனைத் தெளித்தனர். ஆனால் 1947 ஆம் ஆண்டிலேயே ஹவாய்த் தீவின் பேர்ள் துறைமுகக் கடற்படை முகாமில் அம்மருந்துக்கு மாளாத மூட்டைப்பூச்சி தோன்றிவிட்டது. மருந்து மெலிந்தவற்றைக் கொன்றது, தாங்கியவை பெருகின. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கருணாரத்னவும் பிறரும் இந்நாட்டுப் பூச்சிகளை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, டி.டி.ரி.க்கு மட்டுமன்றி அதன்பின் வந்த பைரித்திராய்டு வகை மருந்துகளுக்கும் அவை எதிர்ப்புப் பெற்றுள்ளமையைக் காட்டிற்று. நுளம்புச் சுருளிலும் தெளிப்பான் பேணிகளிலும் இருப்பவை பெரும்பாலும் அவ்வகை மருந்துகளே. 2023 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பாரிஸ் மாநகரமே இப்பூச்சிக்கு அஞ்சிக் கலங்கியதைப் பத்திரிகைகளில் வாசித்தோம். பாரிஸ் நகரத்தார் குளிப்பதில்லையா என்று அப்போது எவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி லயத்தாருக்கே கேட்கப்படுகின்றது. லயத்தின் அமைப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; முன்னால் ஓர் இஸ்தோப்பு; பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே வரிசையில், ஒரே தகரக் கூரையின்கீழ். இடைச்சுவர் கூரை வரை எட்டாத லயங்களும் உள. கல்லும் சாந்தும் பிரிந்த வெடிப்புக்கள் நூறாண்டுப் பழமையுடையன. பூச்சிக்கு வேண்டியது அழுக்கன்று. இடுக்கும், அருகே உறங்கும் உடலுமே. அவ்விரண்டையும் லயம் குறைவின்றி வழங்குகின்றது. ஒரு குடும்பம் தன் காம்பராவைத் துப்புரவாக்கினால், பூச்சி சுவரேறி அடுத்த காம்பராவுக்குப் போகும். ஒரு மாதம் கழித்துத் திரும்பும். 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியபோது, மக்கள் மேட்டுக்குப் பெயர்ந்தனர். கட்டிலோடு மூட்டைப்பூச்சியும் ஏறி வந்ததென்று முதியவரொருவர் எம்மிடம் கூறினார். கோயிலின் எச்சம் வறட்சியிலேதான் வெளித்தோன்றும். இது எக்காலத்திலும் தோன்றும் என்று சொல்லிச் சிரித்தார்.

வெயில் எமக்கு உதவாது. தென்மேல் பருவமழைக் காலத்தில் இங்கே வாரக்கணக்கில் வெயிலே இராது. அடித்தாலும் மெத்தையின் கீழ்ப்புறம் குளிர்ந்தே கிடக்கும், பூச்சி அங்கே நகர்ந்துவிடும். உதவுவது சுடுநீர். 48 பாகையில் முதிர்ந்தவை விரைவில் மாளும். முட்டைகளுக்கு 55 பாகை வேண்டும். மஸ்கெலியா உயரத்தில் நீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடும். அதுவே போதியதற்கும் அதிகம். தேயிலைக்குத் தெளிக்கும் நஞ்சைக் கட்டிலில் தெளிப்போரையும், மண்ணெண்ணெய் ஊற்றுவோரையும் கண்டிருக்கின்றோம். பூச்சிக்கு முன் பிள்ளைகள் மாள்வர். அதனை எவரும் செய்யற்க.

மாணவனின் வீட்டுக்கு நாம் சென்று, அவன் தாயாரிடம் எம் தவறைச் சொன்னோம். “பரவாயில்லங்க சேர்” என்றார் அவர். பரவாயில்லை என்பது முகத்திலே தெரியவில்லை. எமது அறையிலும் அதே பூச்சி இருக்கின்றதென்று போத்தலை எடுத்துக் காட்டியபின்னரே முகம் மலர்ந்தது. பின்பு தலைவர் முதலானோரோடு பேசி, அந்த லயத்தின் பத்துக் காம்பராவையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையிற் செய்வதென முடிவாயிற்று. கட்டில், பலகை, பெட்டி யாவும் வெளியே வந்தன. கருமைப் புள்ளிகள், பேனாவாற் குத்தினாற்போன்றவை, எங்கெங்கே உளவென்று பிள்ளைகள் தேடிக் காட்டினர். அவை பூச்சியின் எச்சங்கள், இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பவை. மூட்டுதோறும் கேத்தற் கேத்தலாகச் சுடுநீர் வார்த்தோம். கம்பளிகளையும் துணிகளையும் பீப்பாயிலிட்டு அவித்தனர். சுவர் வெடிப்புக்களைச் சீமெந்தும் சுண்ணாம்பும் கொண்டு அடைத்தனர். எமது போத்தல் கற்பித்தபடி, தப்பிய முட்டை பொரிக்கும் மூன்றாம் வாரத்தில் மீண்டும் ஒருமுறை. பின்னரும் மும்மூன்று வார இடைவெளியில் இருமுறை. இரண்டாம் முறை எண்ணக்கூடிய அளவில் இருந்தன. நான்காம் முறை ஒரு காம்பராவில் மாத்திரம் கண்டோம்.

அம்மாணவன் பெரிதும் ஈடுபட்டது உரித்த சட்டைகளைப் பொறுக்குவதில். ஒளி புகும் அம்மெல்லிய கூடுகளைச் சிறிதும் பெரிதுமாக வரிசைப்படுத்திப் பழைய அப்பியாசக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்தான். ஐந்து அளவில் ஐந்து வரிசை இருந்தன. விஞ்ஞான ஆசிரியர் அதனை வகுப்பில் சுற்றுக்கு விட்டார். முன்னர் வாங்கு மாறியவர்கள் அவன் தோளின்மேல் சாய்ந்து பார்த்தனர். முதல் வரிசையில் ஒன்று குறைகின்றதென்று அவன் எம்மிடம் வந்து, எமது போத்தலில் பொரித்தவற்றின் சட்டை இருக்கின்றதா என்று கேட்டான். அவை இரத்தம் குடிக்கவில்லையே, எப்படி உரித்திருக்கும் என்றோம். “ஆமா சேர், மறந்துட்டேன்” என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.